சிக்னலிலும் கோயில் வாசலிலும் நீளும் கை: சில்லறையா, சாப்பாடா, டிக்கெட்டா, ‘இல்லம்மா’வா?

சிவப்பு விழுந்ததும் கார்க் கண்ணாடியைத் தட்டும் சிறுமி. கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் “சார், பர்ஸைத் தொலைச்சுட்டேன், விழுப்புரம் போகணும்” என்று சட்டை மடிப்புக் கலையாமல் நிற்பவர். மின்சார ரயிலில் கைதட்டியபடி வரும் திருநங்கை. கோயில் வாசலில் தட்டோடு உட்கார்ந்திருக்கும் முதியவர். நால்வரும் கேட்பது பணம்தான், ஆனால் நால்வருக்கும் ஒரே பதில் சரிப்படாது.

பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது “இவர் சொல்வது உண்மையா?” என்ற கேள்வியில். சிக்னல் மாறுவதற்குள் அதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. அழுக்குச் சட்டை உண்மைக்கும் அத்தாட்சியில்லை, வெள்ளைச் சட்டை பொய்க்கும் அத்தாட்சியில்லை. அதனால் கேள்வியைத் திருப்பிப் போடுவது நல்லது: சொல்வது பொய்யாகவே இருந்தாலும், எந்தப் பதில் யாருக்கும் கெடுதல் செய்யாது? இப்படிக் கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

இழப்பு எவ்வளவு. பொய்யரிடம் பத்து ரூபாய் போனால் நஷ்டம் பத்து ரூபாயோடு முடிந்தது. “குழந்தைக்குப் பால்பவுடர்” என்று கேட்பவரிடம் பல நூறு ரூபாய் டின் போனால் அதோடு நிற்காது (அது கடைக்கே திரும்பும் கதையைப் பின்னால் பார்ப்போம்). அந்தத் தந்திரம் பலித்ததால் நாளைக்கும் ஓடும்.

பணம் யார் கையில் தங்கும். வயதானவர் தனக்காகக் கேட்டால் பெரும்பாலும் அவரிடமே தங்கும். குழந்தை வாங்கும் காசு குழந்தையிடம் தங்காது.

நம் பாதுகாப்பு. முன்பெல்லாம் பர்ஸை மட்டும் காப்பாற்றினால் போதும். இப்போது போனையும் வங்கிக் கணக்கையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

நேரம். சிக்னலில் சில விநாடிகள், பஸ் நிலையத்தில் பத்து நிமிடம். அதற்கேற்ற வழி வேறு.

கேட்பவரின் மானம். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இதற்குக் காசு செலவில்லை.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் 1945ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் இன்னும் ஏட்டில் இருக்கிறது. அதன்படி கேட்பது குற்றம், கொடுப்பது குற்றமல்ல. தில்லிக்குப் பொருந்திய இதே போன்ற சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளை 2018இல் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சிக்னல்களில் பிச்சை கேட்பதைத் தடுக்கக் கோரிய மனு 2021இல் வந்தபோது, வறுமையால் கைநீட்டுபவர்களை மேட்டுக்குடிப் பார்வையோடு அணுக முடியாது என்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ரயிலில் மட்டும் தனிச் சட்டம்: 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 144ஆம் பிரிவு, பெட்டியிலும் நிலையத்திலும் பிச்சை கேட்பதைத் தடுக்கிறது. வெளியூர் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தூர் மாவட்ட நிர்வாகம் 2025 ஜனவரி முதல், கொடுப்பவர் மீதும் வழக்குப் போடும்படி உத்தரவிட்டது.

## ஒரே பார்வையில்

| வழி | பொய்யானால் இழப்பு | நேரம் | பொருந்தும் இடம் | பொருந்தாத இடம் |
|---|---|---|---|---|
| சில்லறை | 5 முதல் 20 ரூபாய் | சில விநாடி | முதியவர், மாற்றுத்திறனாளி, தனக்காகக் கேட்கும் பெரியவர் | குழந்தை, போதையில் மிரட்டுபவர், வண்டிகள் நகரும் சிக்னல் |
| ஜி-பே | தொகையோடு உங்கள் பெயரும் எண்ணும் | ஒரு நிமிடம் | தெரிந்தவர், பொருள் விற்பவர் | முன்பின் தெரியாதவர் |
| சாப்பாடு | 10 முதல் 80 ரூபாய் | 5 முதல் 10 நிமிடம் | “பசிக்குது” என்று கேட்பவர் | அன்னதானம் நடக்கும் கோயில் வாசல் |
| டிக்கெட், மருந்து | 100 ரூபாய்க்கு மேல் | 10 முதல் 20 நிமிடம் | நேரம் இருந்து, உடன் போக முடிந்தால் | இருட்டு, ஆளில்லாத இடம் |
| உதவி எண் | எதுவுமில்லை | 5 நிமிடம் | குழந்தை, மனநலம் பாதித்தவர், நோயாளி | வெறுமனே ஏழையாக இருப்பவர் |
| மறுப்பு | எதுவுமில்லை | ஒரு விநாடி | எங்கும் | உயிருக்கு ஆபத்தான நிலையில் கிடப்பவர் |

## சில்லறை கொடுப்பது

விலை குறைந்த வழியும் இதுதான், அதிகம் பழிக்கப்படும் வழியும் இதுதான். “குடிக்கத்தான் போகும்” என்பது வழக்கமான வாதம். டாஸ்மாக்கில் குவார்ட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கிறது. உங்கள் பத்து ரூபாய்தான் ஒருவரைக் குடிகாரராக்கும் என்று நினைப்பது கொஞ்சம் பெருமை. முதியவருக்குப் பத்து ரூபாய் என்றால் ஒரு டீ, அல்லது வெற்றிலை பாக்கு, அல்லது பேரப்பிள்ளைக்குப் பிஸ்கட். எதற்குச் செலவழிக்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்துகொள்வார். சாப்பாடு வாங்கித் தருவதில் இல்லாத மரியாதை இதில் இருக்கிறது.

முறை முக்கியம். தெருவில் பர்ஸைத் திறக்காதீர்கள். காலையிலேயே ஐந்து ரூபாய் நாணயங்கள் மூன்று நான்கையோ பத்து ரூபாய்த் தாள்களையோ சட்டைப் பையில் தனியாகப் போட்டுவிடுங்கள். அது தீர்ந்தால் அன்றைக்குத் தீர்ந்தது. மாதத்துக்கு 300 ரூபாய் என்று வைத்தால் நாளொன்றுக்குப் பத்து ரூபாய். அதற்கு மேல் மனசாட்சியோடு வழக்காடத் தேவையில்லை. பத்து ரூபாய் நாணயம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை சொன்ன பிறகும் வாங்க மறுக்கும் கடைகள் இருக்கின்றன. கடைக்காரரிடம் வாதாடும் வலு வாசலில் உட்கார்ந்திருப்பவருக்கு இருக்காது. அதனால் பத்துக்குத் தாளாகவே கொடுங்கள், அல்லது இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்கள்.

கோயில் வாசலில் நடக்கும் தவறு வேறு. உள்ளே போகும்போதே ஒருவருக்குக் கொடுத்தால், திரும்பி வரும்போது பத்துப் பேர் சூழ்வார்கள். தரிசனம் முடிந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, கிளம்பும் தறுவாயில் கொடுங்கள். வரிசையில் எல்லோருக்கும் கொடுப்பதானால் ஒரே தொகை. ஒருவருக்கு ஐந்தும் அடுத்தவருக்கு இருபதும் கொடுத்தால் நீங்கள் போன பிறகு அங்கே சண்டை நடக்கும். சில்லறை வேண்டுமென்றால் பூக்கடையில் கேளுங்கள், கிடைக்கும்.

ரயிலிலும் கடைத்தெருவிலும் வரும் திருநங்கைகளுக்கும் இதே விதிதான். பலரும் பயந்து கொடுக்கிறார்கள், அல்லது பயந்து முகத்தைத் திருப்புகிறார்கள், இரண்டும் தேவையில்லை. கொடுப்பதானால் கொடுங்கள், இல்லையென்றால் “இல்லக்கா” போதும். தலையில் கைவைத்து ஆசீர்வதித்தால் அதற்கென்று தனிக் கட்டணம் கிடையாது. யாராவது விடாமல் வற்புறுத்தினால், அவர் யாராக இருந்தாலும், வாதாடாமல் ரயில்வே உதவி எண் 139க்கு அழைத்துப் பெட்டி எண்ணைச் சொல்லுங்கள். வாய்ச்சண்டையில் ஜெயித்தவர்கள் குறைவு.

## ஜி-பே: சில்லறை இல்லை என்று இனி சொல்ல முடியாது

“சில்லறை இல்லம்மா” என்று தப்பித்த காலம் போயிற்று. “ஜி-பே பண்ணுங்க” என்று பதில் வருகிறது. யுபிஐயில் பணம் அனுப்பினால் எதிராளிக்கு உங்கள் வங்கிப் பெயர் தெரியும். பலருடைய யுபிஐ முகவரி போன் எண்ணாகவே இருப்பதால் அதுவும் சேர்ந்து போகும். பத்து ரூபாய் தருமத்துக்கு இந்த விலை அதிகம். சிக்னலில் துணியோ பட்ஸோ விற்கும் பெரியவரிடம் பொருள் வாங்கும்போது மட்டும் பரவாயில்லை. அது தருமமல்ல, வியாபாரம். முடிந்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

இதைவிட ஆபத்தானது இன்னொரு கோரிக்கை: “நான் உங்களுக்கு ஜி-பே பண்றேன், நீங்க கேஷா கொடுங்க.” இதில் இரண்டு வகையில் மாட்டலாம். அவர் காட்டும் ‘பணம் போய்விட்டது’ திரை போலியாக இருக்கலாம். நிஜமாகவே பணம் வந்தாலும், அது யாரையோ ஏமாற்றி எடுத்த பணமாக இருந்தால், புகார் பதிவானதும் அந்தப் பணம் போன வழியில் உள்ள கணக்குகளை முடக்குவார்கள். உங்கள் கணக்கும் அதில் ஒன்றாகலாம். விடுவிக்க வங்கிக்கும் சைபர் கிரைம் காவலுக்கும் அலைய வேண்டும். இதற்கு ஒரே பதில் மறுப்பு. ஏற்கெனவே மாட்டியிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு உடனே அழையுங்கள்.

“ஒரு போன் பண்ணிக்கிறேன்” என்பவருக்குப் போனைக் கையில் கொடுக்காதீர்கள். எண்ணைக் கேட்டு நீங்களே அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுப் பேச வையுங்கள். சொல்லும் எண் நட்சத்திரக் குறியில் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். உங்களுக்கு வரும் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிட அப்படித்தான் முயல்வார்கள்.

## சாப்பாடு வாங்கித் தருவது

“பசிக்குது” என்றவருக்கு இதுதான் நேர்ப் பதில். அருகில் அம்மா உணவகம் இருந்தால் செலவே தெரியாது: 2013இல் தொடங்கியபோது வைத்த விலை இட்லி ஒரு ரூபாய், பொங்கலும் சாம்பார் சாதமும் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். காலை, மதியம், இரவு என்று நேரம் பிரித்துத்தான் விற்பார்கள். மாலை நான்கு மணிக்குப் போனால் மூடியிருக்கும். மற்ற ஓட்டல்களில் பார்சல் சாதம் 50 ரூபாயிலிருந்து 80 வரை ஆகலாம்.

வாங்குவதற்கு முன் “என்ன சாப்பிடறீங்க?” என்று கேளுங்கள். பல் போனவருக்குப் பரோட்டாவும், சர்க்கரை நோயாளிக்கு ஜாங்கிரியும் வாங்கித் தந்துவிட்டு “வாங்கிக்கொள்ளவில்லை, நடிப்பு” என்று கோபப்படுபவர்கள் உண்டு. “இப்பதான் சாப்பிட்டேன், காசா கொடுங்க” என்று அவர் சொல்வதும் பொய்க்கு அடையாளமல்ல. மருந்து, சோப்பு, வாடகை, ஊரில் இருக்கும் பேத்தி என்று பணத்துக்கு ஆயிரம் தேவை உண்டு. பொட்டலம் அதற்கெல்லாம் உதவாது.

இடம் பார்க்காமல் கொடுத்தால் உணவு வீணாகும். அறநிலையத் துறைக் கோயில்களில் அன்னதானத் திட்டம் 2002இலிருந்து நடக்கிறது. ஸ்ரீரங்கத்திலும் பழனியிலும் 2012 முதல் நாள் முழுக்க அன்னதானம். பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் ஒருவருக்கே பல பொட்டலங்கள் கிடைக்கும்; மறுநாள் காலை ஓரங்களைப் பார்த்தால் மிச்சம் தெரியும். அங்கெல்லாம் தண்ணீர் பாட்டில், துண்டு, போர்வை, செருப்பு பயன்படும். கோடையில் தேங்காய்ச் சட்னியும் தயிர் சாதமும் சில மணி நேரத்தில் புளித்துவிடும். பிறகு சாப்பிட வைத்துக்கொள்வார் என்று தோன்றினால் வாழைப்பழம், பிஸ்கட் பாக்கெட் வாங்குங்கள். விற்றுவிடக் கூடாது என்று பாக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. இரண்டு பிஸ்கட்டைக் காப்பாற்ற ஒருவரை முகத்துக்கு நேரே திருடன் என்பதற்குச் சமம் அது.

கைக்குழந்தையோடு வந்து “காசு வேண்டாம், பால்பவுடர் வாங்கிக் கொடுங்க” என்று குறிப்பிட்ட கடைக்குக் கூட்டிப் போவது வேறு விஷயம். பிரிக்காத டின் அதே கடைக்குக் குறைந்த விலையில் திரும்பும், அதுதான் இதன் சூட்சுமம். அரை லிட்டர் ஆவின் பால் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். ஏற்றுக்கொண்டால் வாங்கிக் கொடுங்கள். டின்தான் வேண்டும், அந்தக் கடையில்தான் வேண்டும் என்றால் நகர்ந்துவிடுங்கள்.

## டிக்கெட், மருந்து: கதையோடு வரும் கோரிக்கை

“ஊருக்குப் போகணும்” என்பவர் கேட்கும் தொகை நூறு, இருநூறு. இங்கே பணமாகக் கொடுப்பது மோசமான தேர்வு. பயணத்தைக் கொடுப்பது நல்ல தேர்வு. அரசு பஸ் என்றால் கிளம்பப்போகும் பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டு, நடத்துநரிடம் நீங்களே காசைக் கொடுத்து டிக்கெட் வாங்குங்கள். ரயிலில் முன்பதிவில்லாத டிக்கெட்டையும் குறித்த நேரத்துக்குள் கவுன்ட்டரில் ரத்து செய்து பணம் வாங்க முடியும் என்பதால் பஸ்தான் உறுதி. நகரப் பேருந்துக்கு என்று பெண்கள் கேட்டால், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் மகளிருக்குக் கட்டணமில்லை என்று நினைவூட்டுங்கள். திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படித்தான். வெளியூர் பஸ்ஸுக்கு இது பொருந்தாது; ஆகவே அதைச் சொல்லி மடக்கப் பார்க்காதீர்கள். உடன் நடக்க நேரமில்லையென்றால் புறக்காவல் நிலையத்தைக் காட்டிவிட்டு நகரலாம். அங்கே போகத் தயங்குபவர் எல்லாம் மோசடிக்காரர் அல்ல. போலீஸ் என்றால் ஏழைக்கு எப்போதும் கொஞ்சம் பயம்தான்.

மருந்துச் சீட்டோடு வருபவரிடம் சீட்டின் தேதியைப் பாருங்கள். மாதக்கணக்கில் பழையது, மடிப்பில் கிழிந்தது என்றால் அது பலமுறை வேலை செய்த சீட்டு. புதியதென்றால் கடைக்கு நீங்களும் போய் மருந்தை வாங்கிக் கொடுத்து, பில்லை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பில் இல்லாமல் மாத்திரைப் பட்டைகளைக் கடையில் திருப்பித் தருவது கடினம். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். அறுவை சிகிச்சைக்கென்று ஆயிரக்கணக்கில் கேட்பவரிடம், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறாரா என்று கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை அதில் உண்டு. பலருக்கு அதை எங்கே போய்க் கேட்பது என்று தெரியாது. மருத்துவமனையிலேயே காப்பீட்டுப் பிரிவு இருக்கிறது என்ற தகவல் நீங்கள் போடும் நூறு ரூபாயைவிடப் பெரிது.

அட்டை மாட்டிக்கொண்டு உண்டியலோடு அறக்கட்டளை பெயரில் வருபவர்களுக்குச் சில்லறை போடாதீர்கள். அமைப்பின் பெயரைக் குறித்துக்கொண்டு, நல்லதென்று தெரிந்தால் வங்கி வழியாக அனுப்பி ரசீது வாங்குங்கள். நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை பழைய வரி முறையில்தான் உண்டு; ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதுவும் கிடையாது.

## குழந்தை கேட்டால்

பணம் வேண்டாம். இந்தக் கட்டுரையில் விதிவிலக்கில்லாத ஒரே விதி இதுதான். கல்நெஞ்சால் சொல்வதல்ல, குழந்தையின் கையில் விழும் ஒவ்வொரு காசும் நாளைக்கும் அதைப் பள்ளிக்கு அனுப்பாமல் சிக்னலில் நிறுத்தக் காரணமாகிறது. பேனா, பலூன் விற்கும் குழந்தைக்கும் இது பொருந்தும். குழந்தையைப் பிச்சைக்குப் பயன்படுத்தினால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 76ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் அபராதமும் உண்டு. அதற்காக உறுப்பைச் சிதைத்தால் ஏழு முதல் பத்தாண்டு.

பசி என்றால் கண்முன் சாப்பிடும்படி ஏதாவது வாங்கிக் கொடுங்கள். பிறகு குழந்தைகள் உதவி எண் 1098. அழைத்ததும் சொல்ல வேண்டியவை: இடம், அடையாளக் கட்டடம், சாலையின் எந்தப் பக்கம், குழந்தையின் உத்தேச வயது, உடை, கூட யார், எந்த நேரத்தில் வழக்கமாக இருப்பார்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆள் வந்து சேர்வதற்குள் அவர்கள் இடம் மாறியிருப்பார்கள். “தினமும் மாலை ஐந்திலிருந்து எட்டு வரை” என்று சொன்னால் மறுநாள் வந்து பார்க்க முடியும். கைக்குழந்தை சத்தத்திலும் வெயிலிலும் அசையாமல் மயங்கிக் கிடந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். மீட்கப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும்.

செய்யக் கூடாதது: படம் எடுத்து முகநூலில் போடுவது. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது அதே சட்டத்தின் 74ஆம் பிரிவில் குற்றம். கூட இருக்கும் பெண்ணைப் பிள்ளை பிடிப்பவர் என்று கூட்டம் சேர்த்து அடிப்பதும் அப்படித்தான். பெற்ற தாயாகவே இருக்கலாம்.

## மறுப்பது

மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு, காரணம் சொல்லத் தேவையில்லை. முகத்தைப் பார்த்து “இல்லம்மா”, “இல்லைங்கய்யா” என்று ஒரே முறை. கேட்காததுபோல் போனை நோண்டினால் அவர் இன்னும் நேரம் நிற்பார். பதில் கிடைத்தால் நகர்ந்துவிடுவார். “கை கால் நல்லாத்தானே இருக்கு, உழைக்கக் கூடாதா” என்ற உபதேசம் மட்டும் வேண்டாம். ஐந்து ரூபாய் கொடுத்தவருக்கே அந்த உரிமை இல்லை, கொடுக்காதவருக்கு எங்கிருந்து வந்தது?

இரவில் தனியாக இருக்கும்போது, ஒருவர் பேச்சுக் கொடுக்க இன்னொருவர் பின்னால் நிற்கும்போது, பைக்கை மறித்துக் கேட்கும்போது மறுப்பைத் தவிர வேறு வழி யோசிக்க வேண்டாம். வெளிச்சமுள்ள கடைப் பக்கம் நடந்துவிடுங்கள்.

## கேட்காமலே கிடப்பவர், தினமும் பார்ப்பவர்

சடை விழுந்த தலையும் தனக்குத் தானே பேசுவதுமாக அலைபவருக்குப் பத்து ரூபாய் ஒன்றும் செய்யாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 100ஆம் பிரிவின்படி, அப்படி அலைபவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டு போவது காவல்துறையின் கடமை. அவசர உதவி எண் 112க்கு அழைக்கும்போது இதைச் சொல்லிக் கேட்கலாம். சென்னையில் காவல்துறையின் ‘காவல் கரங்கள்’ 2021இலிருந்து இந்த வேலையைச் செய்கிறது. வீடற்ற, மனநலம் பாதித்த பெண்களுக்காக 1993இல் தொடங்கிய ‘தி பேன்யன்’ அமைப்பும் இருக்கிறது. காயம், மயக்கம் என்றால் ஆம்புலன்ஸ் எண் 108. கைவிடப்பட்ட முதியவர் என்றால் முதியோர் உதவி எண் 14567.

ஒரே முதியவரைத் தினமும் ஒரே இடத்தில் பார்க்கிறீர்கள் என்றால் கணக்கு மாறுகிறது. நாளொன்றுக்குப் பத்து ரூபாய் என்றாலும் மாதம் 300 தான். முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. மாற்றுத்திறனாளிக்குத் தனி உதவித்தொகை உண்டு. ஒரு நாள் நின்று, “பென்ஷன் வருதாம்மா? ஆதார் இருக்கா? ரேஷன் அட்டை? பாங்க் புத்தகம்?” என்று கேளுங்கள். மூன்றும் இருந்தால் இ-சேவை மையத்துக்கு ஒருமுறை கூட்டிப்போய் விண்ணப்பம் போடலாம். பிறகு கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் முடிவாகும். விண்ணப்பம் தடைபட்டு நிற்பது பெரும்பாலும் விலாசத்தில்தான்: ரேஷன் அட்டை ஒரு ஊரில், ஆள் வேறு ஊரில். அப்போது விண்ணப்பம் அட்டை உள்ள வட்டத்துக்குத்தான் போகும், விசாரணைக்கு அவர் அங்கே இருக்க வேண்டியிருக்கும். அந்தப் பயணத்துக்கான பஸ் கட்டணத்தை நீங்கள் கொடுக்கலாம்.